கிரேன் ஓட்டுநரின் குறட்டை பற்றி அவர் மனைவி சொன்னது

முதல் தாளில் கண்ட விலாசத்தில் குடியிருந்து வருகிறேன். என் பெயரும் என் கணவர் பெயரும் அதே தாளில் எழுதப்பட்டுள்ளன. எனக்கு வயது நாற்பத்திரண்டு. சீருடை தைக்கும் கடையில் தையல் வேலை செய்கிறேன். என் கணவருக்கு வயது நாற்பத்தொன்பது. இரும்புக் குழாய்க் கிடங்கில் பதினேழு வருடமாகக் கிரேன் ஓட்டுகிறார். ஒரே மகள், பள்ளியில் கடைசி வகுப்பு படிக்கிறாள். போன திங்கட்கிழமை மேற்படி கிடங்கில் நடந்த விபத்து சம்பந்தமாக எனக்குத் தெரிந்ததைச் சொல்ல நானாகவே வந்திருக்கிறேன். என்னை யாரும் அழைக்கவில்லை.

மேற்படி கிரேன் கூரைக்குக் கீழே தண்டவாளத்தில் ஓடுவது. ஓட்டுநர் மேலே கேபினில் உட்கார்ந்திருப்பார். கீழே ஓர் ஆள் குழாய்க் கட்டுக்கு வடத்தை மாட்டி, கையைக் காட்டியும் விசில் ஊதியும் அவருக்கு வழி சொல்வார். என் கணவருக்கு ஆறு வருடமாக அப்படி வழி சொல்லி வந்தவர்தான் அந்த விபத்தில் இறந்துபோனவர். கிடங்கில் எல்லோரும் அவரை விசில் என்றே கூப்பிடுவார்கள். என் கணவரை அண்ணன் என்பார், என்னை அண்ணி என்பார்.

என் கணவருக்குக் கல்யாணமான புதிதில் குறட்டை கிடையாது. ஏழெட்டு வருடத்துக்கு முன் உடம்பு போட ஆரம்பித்தபோது அதுவும் ஆரம்பித்தது. முதலில் நாங்கள் அதை விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டோம். கீழ் வீட்டுக்காரர் காலையில் படியில் பார்த்தால், ராத்திரி மாடியில் மரம் அறுத்தீர்களா என்று கேட்பார். என் கணவரும் சிரித்துக்கொண்டே, பலகை தேவைப்பட்டால் சொல்லுங்கள் என்பார். அதன் பிறகு சத்தம் கூடிக்கொண்டே போனது. மகள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு கூடத்தில் படுக்க ஆரம்பித்தாள். நான் கடையில் தைக்கும்போது கண் சொருகி, ஒருமுறை ஊசியை விரல் நகத்தோடு சேர்த்து இறக்கிவிட்டேன். அன்றுதான் இதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டும் என்று நினைத்தேன்.

அதன் பிறகு கேள்விப்பட்டதையெல்லாம் செய்து பார்த்தோம். படுக்கும் முன் ஆவி பிடித்தார். தலையணையை இரண்டாக்கி, பிறகு கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்தோம். இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்கே முடித்தார். வாரம் ஒரு நாள் குடித்து வந்ததையும் விட்டார். மருந்துக் கடையில் மூக்கின் மேல் ஒட்டும் பட்டை வாங்கி வந்தேன். காலையில் அது என் தலைமுடியில் ஒட்டியிருக்கும். தாடை தொங்காமலிருக்க நானே ஒரு பட்டி தைத்துத் தலையோடு சேர்த்துக் கட்டினேன். பல்வலிக்காரர் போல இருந்தார். எதிலும் ஒரு வாரத்துக்கு மேல் பலன் தெரியவில்லை.

போன வருடக் கடைசியில் ஒரு நாள் இரவு மகள் தன் போனில் அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து, ஞாயிற்றுக்கிழமை மதியம் அவரை உட்காரவைத்துப் போட்டுக் காட்டினாள். மூவரும் சிரித்தோம். நடுவில் சத்தம் நின்றது. மகள் போன் நின்றுவிட்டது என்று நினைத்து எடுத்துப் பார்த்தாள். போன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பிறகு தண்ணீரில் மூழ்கி எழுந்தவர் போல ஒரு இழுப்பு கேட்டது. மகள் திரும்பப் போட்டுக் கணக்குப் பார்த்தாள். இருபத்து மூன்று விநாடி. அந்த ஒரு பதிவில் அது போல ஒன்பது முறை இருந்தது. என் கணவர் எழுந்து குளிக்கப் போய்விட்டார்.

அதற்குப் பத்து நாள் கழித்து மேற்படி விசில் நான் வேலை செய்யும் கடைக்கு வந்தார். மதிய வேளை. உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். முதலில் மகள் படிப்பைக் கேட்டார், பிறகு சட்டைத் துணியின் விலையைக் கேட்டார். வந்த விஷயம் வேறு என்று எனக்குத் தெரிந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணன் கேபினில் அசந்துவிடுகிறார் என்றும், கொக்கி போகிற போக்கைப் பார்த்தே தனக்குத் தெரியும் என்றும், அப்போதெல்லாம் ஒரு விசில் கூடுதலாக ஊதி எழுப்பிவிடுவதாகவும் சொன்னார். நான்கு மாதமாக இப்படி நடக்கிறது என்றார்.

“மேஸ்திரிகிட்ட நான் சொல்லல அண்ணி. சொன்னா அண்ணனை மேல ஏறவே விடமாட்டாங்க. நீங்க ஒரு டாக்டர்கிட்ட காட்டுங்க. சரியாயிடுச்சின்னா எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்.”

மறு வாரம் என் கணவரைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். மருத்துவர் மகள் பதிவு செய்ததைக் கேட்டார். தூங்கும்போது தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுக்குழாயை அடைத்துவிடுகிறது, அதனால் மூச்சு நிற்கிறது, மூளை பயந்துபோய் எழுப்பிவிடுகிறது, இவருக்கே தெரியாமல் இது ராத்திரி முழுவதும் நடக்கிறது, அதனால்தான் பகலில் தூக்கம் வருகிறது என்று சொன்னார். குறட்டை என்பது சத்தம்தான், நோய் அதற்குப் பின்னால் இருக்கிறது என்றார். பெரிய மருத்துவமனையில் ஒரு இரவு படுக்கவைத்துச் சோதிக்க வேண்டும், பிறகு முகத்தில் மாட்டிக்கொள்ளும் காற்று இயந்திரம் கொடுப்பார்கள் என்றார். அந்தச் சோதனைக்கு ஐந்து மாதம் காத்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. அதுவரை ஒருக்களித்துப் படுத்தால் கொஞ்சம் குறையலாம், ஆனால் அதை மருந்து என்று நினைக்க வேண்டாம் என்றார். அதன் பிறகு என் கணவரின் தொழிலைக் கேட்டார். சொன்னதும் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு கிடங்கு நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதி என் கையில் கொடுத்தார். சிகிச்சை முடியும்வரை இவர் கிரேன் ஓட்டக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது.

பேருந்தில் திரும்பி வந்தோம். இறங்க வேண்டிய இடம் நெருங்கும்போது என் கணவர் சொன்னார்.

“பதினேழு வருஷம் எல்லாரையும் மேலருந்து பார்த்தவன். இனிமே கையில தொடப்பத்தைக் கொடுத்து வாசல்ல நிறுத்துவாங்க. அதுக்கு நான் தூங்காமலே இருந்துக்குறேன்.”

நான் அவரை மறுத்துப் பேசவில்லை. கடிதத்தை அவரிடம் கொடுக்கவுமில்லை. வீட்டில் தையல் இயந்திரத்தின் இழுப்பறையில், பித்தான் அட்டைகளுக்கு அடியில் வைத்தேன். அதைக் கிழித்துப் போட எனக்குத் துணிச்சல் வரவில்லை, கொண்டுபோய்க் கொடுக்கவும் வரவில்லை. அந்தக் கடிதத்தை இன்று விசாரணை அலுவலர் ஐயா முன்னிலையில் ஒப்படைத்துவிட்டேன்.

அதன் பிறகு அவருடைய பழைய பனியன் ஒன்றின் முதுகுப் பக்கம் பை தைத்து, அதில் ஒரு ரப்பர் பந்தை வைத்து மூடினேன். மல்லாந்தால் பந்து குத்தும், திரும்பிவிடுவார். முதல் இரவே சத்தம் பாதியாகக் குறைந்தது. ஒரு வாரத்தில் கீழ் வீட்டுக்காரர் படியில் பார்த்து, ஊருக்குப் போயிருந்தீர்களா என்று கேட்டார். மகள் பஞ்சை எடுத்துவிட்டாள். நானும் பல வருடத்துக்குப் பிறகு விடியும்வரை தூங்கினேன். என் கணவரும் உடம்பு லேசாக இருக்கிறது என்றார். நான் அதை நம்பினேன் என்று சொன்னால் முழு உண்மை ஆகாது. சத்தம்தான் குறைந்திருந்தது. டீ டம்ளரைக் கையில் பிடித்தபடியே அவர் தலை கவிழ்வதைப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை வேலை முடிந்து வரும்போது பேருந்தில் தூங்கி, கடைசி நிறுத்தம்வரை போய், அங்கிருந்து நடந்து வந்தார். வழியில் நண்பரைப் பார்த்ததாகச் சொன்னார். சரி என்று சாப்பாடு போட்டேன். ஒரு நாள் நடுஇரவில் எனக்கு விழிப்பு வந்தது. அறை அமைதியாக இருந்தது. அவர் ஒருக்களித்துத்தான் படுத்திருந்தார். ஆனால் முதுகு ஏறி இறங்கவில்லை. நான் கையை வைக்கப் போனபோது மூச்சு வந்துவிட்டது. நான் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

பந்து தைத்து ஒரு மாதம் இருக்கும், விசில் மீண்டும் கடை வாசலுக்கு வந்தார். இந்த முறை சுற்றி வளைக்காமல், டாக்டர் என்ன சொன்னார் அண்ணி என்று கேட்டார். அண்ணன் முன்னைக்குப் பரவாயில்லை, ஆனாலும் நடுநடுவே அசந்துபோகிறார் என்றார். நான் கழுத்துப்பட்டி தைத்துக்கொண்டிருந்தேன். இயந்திரத்தை நிறுத்தவில்லை.

“பயப்பட ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாரு தம்பி. இப்பல்லாம் நல்லாத் தூங்குறாரு.”

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. இரண்டு கையாலும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, இது போதும் அண்ணி என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான்.

போன திங்கட்கிழமை மதியம் சுமார் இரண்டே முக்கால் மணிக்கு விபத்து நடந்தது. அதை நான் நேரில் பார்க்கவில்லை. குழாய்க் கட்டு நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் வந்து, அவரைக் குழாய் அடுக்கோடு சேர்த்து நெருக்கிவிட்டதாகச் சொன்னார்கள். அன்று மாலையே கிடங்கு மேஸ்திரி எங்கள் வீட்டுக்கு வந்து, பிரேக் பிடிக்கவில்லை என்று எழுதியாகிவிட்டது, யார் கேட்டாலும் அதையே சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலை பிரேக் பார்க்கும் மெக்கானிக்கை இந்த ஸ்டேஷனுக்கு விசாரணைக்காக அழைத்துச் சென்றதாகக் கேள்விப்பட்டோம். அந்த மெக்கானிக்கை நான் பார்த்ததுகூட இல்லை.

மேஸ்திரி போன பிறகு என் கணவர் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தார். மகள் கூடத்தில் இருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, என்ன நடந்தது என்று கேட்டேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“விசில் கேட்டுச்சு. மூணு தடவை கேட்டுச்சு. கனவுல கேக்குதுன்னு நெனச்சேன்.”

பிரேக் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன். நான் சாட்சியாக இதைச் சொன்னால் அது என் கணவருக்கு எதிராகப் போகும் என்று ஐயா எனக்கு எடுத்துச் சொன்னார். தெரிந்துதான் சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை இறந்தவரின் வீட்டுக்குப் போனேன். என் கணவர் வரவில்லை. அவருடைய மனைவி சின்ன வயது. என்னைக் கண்டதும் எழுந்து வந்து, கூட்டத்தில் என்னைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். அழுது ஓய்ந்திருந்தாள். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

“ரெண்டு மூணு மாசமாக் கட்டுக்குப் பக்கத்துல நிக்காம எட்டியே நின்னாராம். உங்களப் பாத்துட்டு வந்த அன்னிக்குத்தான், அண்ணியே சொல்லிட்டாங்க, இனிமே பயமில்லன்னு சொன்னாருக்கா.”

என் கையை அவள் விடவில்லை. அடுத்த ஆள் வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் நான் கடைக்குப் போகவில்லை, இங்கேயும் வரவில்லை. அந்த இரண்டு நாளும் மெக்கானிக் இங்கே இருந்தார் என்பது எனக்குத் தெரியும்.

இன்று காலை எழுந்ததும், நான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறேன் என்று என் கணவரிடம் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, கதவைப் பூட்டி, சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தார். வந்தது முதல் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். என்னைத் தடுக்கவோ, இப்படிச் சொல் என்று சொல்லிக்கொடுக்கவோ இல்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவர் தூங்கிவிட்டார். மணி காலை பதினொன்று. சுவரில் சாய்ந்து, வாய் திறந்து, தலை மல்லாந்தபடி தூங்குகிறார். அந்தச் சத்தம் ஐயாவுக்கும் கேட்கிறது, பக்கத்து மேசையில் இருப்பவர்களும் சிரித்தார்கள். சற்று முன் சத்தம் நின்றது. சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். ஐயா எழுதுவதை விட்டுவிட்டு வாசல் பக்கம் பார்த்தார். மூச்சு திரும்பி வந்த பிறகுதான் பேனாவை எடுத்தார். இதையும் சேர்த்து எழுதும்படி நான் கேட்டுக்கொண்டேன்.

இதில் கண்டவை யாவும் நானே வாய்விட்டுச் சொன்னவை. என்னை யாரும் மிரட்டவோ ஆசை காட்டவோ இல்லை. எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன், எல்லாம் உண்மை, எதையும் அடிக்கவோ மாற்றவோ வேண்டியதில்லை என்று சம்மதித்துக் கீழே கையெழுத்திடுகிறேன்.

(கையெழுத்து)
கிரேன் ஓட்டுநரின் மனைவி

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது.
(கையெழுத்து)
விசாரணை அலுவலர்