பாறையிலிருந்து தினம் ஒரு பதில்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இன்ஸ்பெக்டர் மேடம். எனக்கு ஜோக் நன்றாக வரும். வெளியில் யாருக்கும் தெரியாது. எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். சிரித்தால் மதிப்பெண் குறைந்துவிடும் என்பதுபோல் ஐந்து வருடம் சட்டம் படித்தேன். அந்தத் திறமைக்கு இப்படி ஒரு வேலை வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

எங்கள் கம்பெனி டயர் கடைக்கு மேலே ஒரே ஒரு ஹால். பெரிய கம்பெனி வீட்டுக்கு அனுப்பிய பத்து மெக்கானிக்குகள் சேர்ந்து ஆரம்பித்தது. பதினோராவது ஆள் நான், வக்கீல். விண்வெளியில் ஒரு சின்னப் பாறையில் பனிக்கட்டி தோண்டினோம். ‘தங்கம் இல்லையா?’ என்று எல்லாரும் உதட்டைப் பிதுக்குவார்கள். பனிக்கட்டியைப் பிரித்தால் ராக்கெட்டுக்கு எரிபொருள். பூமியிலிருந்து ஒரு குடம் தண்ணீரை மேலே தூக்குகிற செலவில் இங்கே வீடு கட்டலாம். தங்கத்தை வைத்துக்கொண்டு அங்கே யார் கழுத்தில் மாட்டுவது?

சட்டம் எளிது. பாறை யாருக்கும் சொந்தமில்லை. தோண்டி எடுத்தது எடுத்தவருக்கு. ஆனால் ஒரு மனிதர் தங்கி வேலை செய்தால், அவரைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்குள் வேறு யாரும் வரக்கூடாது. அந்த விதியைத் தேடிப் பிடித்தவள் நான்தான். அதனால்தான் பத்துப் பேரில் ஒருவரான எங்கள் டிரில்லர் அண்ணனைத் தனியாக அனுப்பினோம். பெரிய கம்பெனியின் கப்பல் பதினோராவது கிலோமீட்டரில் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது.

ஆள் இருக்கிறாரா என்று சுரங்கப் பதிவாளர் தினமும் காலையில் ஒரு கேள்வி அனுப்புவார். இயந்திரம் ஏமாற்றிவிடக் கூடாது என்று தினம் ஒரு புதுக் கேள்வி. பதில் ஒரு நாள் வராவிட்டால் வேலி போச்சு. கேள்வியும் பதிலும் என் மேஜை வழியாகத்தான் போகும். பதிலை அண்ணியும் வீட்டிலிருந்து படிப்பார்.

‘அங்கே வானிலை எப்படி?’ என்று கேட்டால், “மழை வர்ற மாதிரி இல்ல. கொடித் துணிய எடுக்க வேண்டாம்னு வீட்ல சொல்லிடுங்க” என்று அடிப்பார் அண்ணன். பதிவாளரே சிரிப்பாராம்.

நூற்றுப் பதினான்காம் நாள் அண்ணன் எனக்குத் தனியாக எழுதினார். “வக்கீலம்மா, வலது பக்கம் அடிவயிறு சுண்டி இழுக்குது. காலை நீட்ட முடியல.”

டாக்டரிடம் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் டாக்டருக்குத் தெரிந்தால் பதிவாளருக்குச் சொல்ல வேண்டும். அண்ணன் திரும்பி வர வேண்டும். மாற்று ஆள் போய்ச் சேர ஐம்பது நாள். இடையில் பாறை காலி. நீங்கள் படித்தவர், கணக்குப் போட்டுப் பாருங்கள்.

“வாயுதாண்ணே. டாக்டர்ட்ட கேட்டுட்டேன். சுடுதண்ணி குடிங்க” என்று எழுதினேன்.

“டாக்டரே சொன்னாரா? அப்ப சரி.”

அன்றைக்கே வேறு காரணம் சொல்லி மாற்று ஆளைக் கிளப்பிவிட்டேன். பொறுப்பில்லாதவள் இல்லை நான். வலி வந்த நான்காம் நாள், “கப்பல் பூட்டைத் திறந்து விடும்மா, நான் கெளம்புறேன்” என்றார். பூட்டு என் மேஜையில் ஒரு பொத்தான். “இதோ திறக்கிறேண்ணே” என்று எழுதினேன். அந்த வயிற்று வலிக்கான ஊசி அங்கே மருந்துப் பெட்டியிலேயே இருந்ததாம். எதைப் போடுவது என்று டாக்டர் சொல்லியிருந்தால் போதுமாம். இது எனக்கு நேற்று நீங்கள் சொல்லித்தான் தெரியும்.

ஏழாம் நாள் காலைக் கேள்விக்கு அங்கிருந்து பதில் வரவில்லை. கேள்வி என்ன தெரியுமா? ‘அக்கம்பக்கத்தில் தொந்தரவு உண்டா?’

நானே எழுதினேன். “பத்து கிலோமீட்டருக்கு ஒரு சொந்தக்காரனும் கெடையாது. இவ்வளவு நிம்மதியா நான் இருந்ததே இல்ல.”

அண்ணி அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்ததாகச் சொன்னார். எனக்கும் மனசு லேசாகிவிட்டது. படம் தெரிகிற ஆன்டெனா பழுது, எழுத்து மட்டும்தான் வரும் என்று அவரை நம்பவைத்தேன். துளையிடும் இயந்திரம் தன் பாட்டுக்கு வேலை செய்தது. நான் முப்பத்தாறு பதில் எழுதினேன். ஒவ்வொன்றும் முத்து.

அங்கேதான் வழுக்கிவிட்டேன். அண்ணி பதிவாளர் அலுவலகத்துக்கே நேராகப் போய்ச் சொல்லியிருக்கிறார்: “இது எங்க வீட்டுக்காரர் இல்லீங்க. அவருக்கு ஒரு ஜோக்கையாவது முடிக்கத் தெரியுமா? பாதியிலயே சிரிச்சிடுவாரு. ‘ஒருத்தன் டாக்டர்ட்ட போனானாம், ஐயோ வேணாம், எனக்கே சிரிப்பு வருது’ன்னு விட்டுடுவாரு. இவரு தினம் அழகா முடிக்கிறாரு.”

பழைய பதில்களை எடுத்துப் பார்த்தேன். உண்மைதான். வானிலை மாதிரி ஒருவரி மட்டும்தான் அவருக்குச் சரியாக விழும். மற்றதெல்லாம் அரைகுறை. எதையும் அரைகுறையாக விட எனக்குத் தெரியாது, மேடம். அப்படி விட்டிருந்தால் பட்டம் வாங்கியிருப்பேனா?

நீங்கள் கேட்டதற்கு நேர்பதில்: ஆமாம், நான்தான். வலியை மறைத்தேன், பூட்டைத் திறக்கவில்லை, செத்தவர் பெயரில் எழுதினேன். ஆனால் மாற்று ஆள் போய்ச் சேர இன்னும் எட்டே நாள்தான். அதுவரை யாராவது பதில் எழுதிவிட்டால் பாறை பத்துக் குடும்பத்துக்கும் நிற்கும். நாளைக்கு ஒன்று யோசித்து வைத்திருக்கிறேன். பாதியில் விடுகிற மாதிரியே. அண்ணிக்குப் பிடிக்கும்.

வெளியே பெஞ்சில் இருக்கிறாரே, அவர் என் அப்பா. காலையிலிருந்து என் முகத்தைப் பார்க்கவில்லை. கல்குவாரியில் ஓர் ஓரத்தைக் குத்தகைக்கு எடுத்து உடைத்தவர். எனக்கு எட்டு வயதில் டைபாய்டு. நான்கு நாள் ஆஸ்பத்திரியில் என் காலடியிலேயே உட்கார்ந்திருந்தார். திரும்பிப் போனால் வேறொருவன் அங்கே எல்லைக் கயிறு கட்டியிருந்தான். “ஆள் இல்லாத பாறைதானே” என்றான். அதோடு அவர் கூலியாள்.

இத்தனை வருடமாக அவரிடம் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். நீங்கள் சொல்லிவிடுங்கள். அன்றைக்கு அவர் பாறையை விட்டு வந்திருக்கவே கூடாது. டைபாய்டு தானாகவே சரியாகியிருக்கும்.