டாக்டர் சொன்ன பச்சை மீன்

— மூக்கைப் பொத்திக்கிட்டே சொல்றேன், உன் நாய் கக்கினது வாந்தி மாதிரியே இல்லம்மா. நூடுல்ஸ் மாதிரி இருந்துச்சு. நூடுல்ஸ் எங்கயாவது நெளியுமா?

— மெதுவா பேசுங்கக்கா. பக்கத்துல பூனைக்காரர் பன் சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு.

— நாய் ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்து பன் திங்கறவருக்கு எல்லாம் ஜீரணமாகும். என் பாட்டைக் கேளு. உங்க படிக்கட்டு என் வாசல்லதான் வந்து இறங்குது. மூணு வாரமா அந்தக் கவுச்சி என் தலையணையில, துணியில, குடிக்கிற டீயில.

— உள்ள சிண்டு உயிருக்குப் போராடுது, உங்களுக்கு டீ.

— பாசம் இல்லாமலா அதை ஆட்டோவுல என் மடியில போட்டுக்கிட்டு வந்தேன்? இந்தப் புடவையை இனிமே தரை துடைக்கக்கூடத் தொட மாட்டேன். காலைல பார்த்தேனே, நாலு காலும் நாலு பக்கம் போகுது, குடிச்சவன் மாதிரி. நான் உன் வீட்டுக்காரரைத்தான் சந்தேகப்பட்டேன்.

— அவரையா? எதுக்கு?

— கிண்ணத்துல எதையாவது ஊத்திட்டாரோன்னு. மூணு வாரமா மனுஷன் ஹால்ல சோபாவுலதானே படுக்கறாரு. கோவம் இருக்காதா?

— அது உங்களுக்கு எப்படித் தெரியும்?

— இருமல் சத்தம் இடம் மாறிடுச்சும்மா. மத்தபடி எனக்கு எதுக்கு அடுத்த வீட்டு வம்பு?

— டாக்டர் வர்றாங்க. டாக்டர், சிண்டு பொழச்சுக்குமா?

— இப்ப சொல்ல முடியாதும்மா. ஊசி போட்டிருக்கேன். ரெண்டு நாள்ல எழுந்து நின்னா பொழச்சுக்கும். வயித்துல நாடாப்புழு, தொண்டையில முள்ளு. அதுக்கு என்னதான் போட்டீங்க?

— மீன்தான் டாக்டர். தினமும் புதுசா வாங்கி அப்படியே கிண்ணத்துல போட்டுருவேன்.

— வேகவைக்காமயா?

— ஆமா. தலை, குடல், செதில் எல்லாத்தோடயும்.

— கருமம். டாக்டர், நான் அப்பவே நினைச்சேன், இவ ஏதோ விவரம் கெட்ட வேலை பார்க்கறான்னு.

— நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. இங்க பாருங்கம்மா, வேகாத மீன்ல புழு உயிரோட இருக்கும். சில மீனைத் தொடர்ந்து பச்சையாவே தின்னா உடம்புல பி-ஒன் வைட்டமின் சத்தும் அழிஞ்சு போகும். அந்தத் தள்ளாட்டம் அதனாலதான். யாரு இப்படிக் குடுக்கச் சொன்னது?

— நீங்கதான் டாக்டர்.

— நானா?

— கருவாடு போடலாமான்னு கேட்டதுக்கு, உப்பு ஆகாது, பச்சை மீனாக் குடுன்னு சொன்னீங்களாமே.

— காயாத மீனைத்தானேம்மா பச்சை மீன்னு சொல்லுவோம். நீங்க பச்சை மீன் வாங்கினா பச்சையாவா திங்கறீங்க? வேகவச்சு, முள்ளெடுத்து, ஆறவச்சுக் குடுங்கன்னு சொன்னேனே. உங்ககிட்ட இல்ல, அன்னைக்கு போன்ல பேசினவங்ககிட்ட.

— என் போன் ரிப்பேர். அதான் கீழ் வீட்டு அக்காவைக் கேக்கச் சொன்னேன்.

— டாக்டர், பாவம் அந்தப் பூனைக்காரர் ரொம்ப நேரமா காத்துக்கிட்டு இருக்காரு.

— ஓ, அந்தக் குரல் நீங்கதானா? நான் பச்சை மீன்னு சொல்லி வாயை மூடல, 'இருங்க டாக்டர், மாடி வீட்டுல ஏதோ சத்தம்'னு போனைக் கீழ வச்சுட்டுப் போனீங்களே. மிச்சத்தை யார்கிட்ட சொன்னேன், உங்க வீட்டுச் சுவத்துக்கிட்டயா?

— பாத்திரம் உருளுற சத்தம் கேட்டுச்சு டாக்டர். யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சோன்னு ஒரு பதட்டம்...

— அப்போ, அன்னைக்கு எங்க சண்டைக்கு நடுவுல மூச்சு வாங்க ஓடி வந்து கதவைத் தட்டினீங்களே, அது மீனைப் பத்திச் சொல்ல இல்லையாக்கா?