அடுப்படியில் ஃபெரோசயனைடு

—தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். பொண்ணு பார்க்க வந்த எடத்துல இப்படிக் கேக்கக் கூடாது. அடுப்படியில சீனி டப்பாவுக்குப் பக்கத்துல ஒரு சீசா, சயனைடுன்னு எழுதியிருக்கு. எங்க அம்மாதான் கேட்டுட்டு வரச் சொன்னாக.

—முழுசாப் படிக்கலியா? பொட்டாசியம் ஃபெரோசயனைடு.

—பாதிப் பேருலயே நெஞ்சு அடைச்சுப்போச்சு. அதாவது, அம்மாவுக்கு.

—திங்கக்கிழமை பிளஸ் டூ பிராக்டிகல். உப்புல இரும்பு இருக்கான்னு பார்க்க இதைக் கரைச்சு ஊத்தணும். இருந்தா நீலமாகும். எங்க பள்ளிக்கூடத்துக் கிணத்துத் தண்ணியிலயே இரும்பு. அதுல கரைச்சா புள்ளைக எல்லா உப்பையும் இரும்புன்னு எழுதிரும். அதான் இரும்பு, உப்பு எதுவுமில்லாத பேட்டரித் தண்ணி வாங்கி வீட்ல கரைக்கிறேன்.

—அது பந்தல்குடியில நம்ம கடையிலயே கெடைக்கும். ஆனா இது பார்க்க மஞ்சக் கல்கண்டு மாதிரியில்ல இருக்கு? நான் ரெண்டு டம்ளர் காப்பி குடிச்சுட்டேன்.

—எவ்வளவு நேரமாச்சு?

—அரைமணி நேரம்.

—சயனைடா இருந்தா ரெண்டாவது டம்ளர் கேட்டிருக்க மாட்டீங்க மாதவன்.

—சரிதான். இருந்தாலும் பேருல இருக்கே?

—பேரை முன்னாடியிருந்து படிக்கணும். ஃபெரோன்னா இரும்பு. நடுவுல ஒரு இரும்பு, சுத்தி ஆறு சயனைடு. பிடிச்ச பிடிய லேசுல விடாது. வெறும் பொட்டாசியம் சயனைடுல அப்படிப் பிடிச்சு வைக்க ஆளில்ல, அதான் கொல்லுது.

—விடவே விடாதா?

—கடும் ஆசிட்ட ஊத்திக் காய்ச்சினா விட்டுரும். காப்பி அவ்வளவு மோசமாவா இருந்துச்சு?

—காப்பி நல்லாத்தான் இருந்துச்சு. எங்களுது பேட்டரிக் கடைங்க, ஆசிட் கேன் கேனாக் கெடக்கும். இந்தச் சீசாவ மட்டும் நம்ம வீட்டுக்குக் கொண்டு வந்துராதீங்க.

—எந்த வீட்டுக்கு?

—அம்மா சொல்லச் சொன்னாக.

—வேற என்ன சொன்னாக?

—கல்யாணத்துக்கு அப்புறமும் வேலைக்குப் போகலாமாம். எம்மகன் கொஞ்சம் பயந்தாங்கொள்ளி, பொறுத்துக்கோன்னாக. உங்களுக்குச் சம்மதமான்னும் கேட்டாக.

—நான் காப்பி போடுறதுக்கு முன்னாடியே உங்க அம்மா அடுப்படிக்கு வந்து, அந்தச் சீசா என்னன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு, இந்தப் பூவையும் தலையில வச்சுவிட்டு, ‘எம்மகன்கிட்ட சொல்லாத தாயி, என்ன பண்றான்னு பார்ப்போம்’னு சொல்லிட்டுப் போனாக.