வேண்டிக்கொண்டவர் குவைத்தில்

பிச்சாட்டூரிலிருந்து திருப்பதிக்குப் போகும் பஸ். முன் சீட்டில் கைக்குழந்தையோடு இருந்த பெண், பள்ளம் வந்தபோதெல்லாம் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். எங்கே போகிறாய் என்று பக்கத்து சீட்டு அம்மாள் கேட்டதற்கு வந்த பதிலில்தான் நான் பேப்பரை மடித்தேன்.

“மலைக்கு. வேண்டிக்கினது எங்க வூட்டுக்காரரு, ஏறப் போறது என் முதுகு.”

“இன்னா வேண்டுதலு?”

“குவைத் விசா வந்தா, கொயந்தைய தூக்கிக்கினு அலிபிரிலேர்ந்து படியேறி வர்றேன்னு. விசா வந்துச்சி, பூட்டாரு. ரெண்டு வருசம் லீவு கெடையாதாம். சாமி காரியத்த தள்ளிப்போடக் கூடாதுன்னு என்னை ஏறச் சொல்றாரு.”

“மாமியா தூக்க மாட்டாங்களா?”

“அவங்களுக்கு முட்டி வலியாம். காலைலயே பஸ்ல மேல பூட்டாங்க.”

“உனக்கு முதுகு வலின்னு அவருகிட்ட சொன்னியா?”

“பிரசவத்துலேர்ந்தே குனிய முடியலன்னு போன்ல அழுதேன். மேல போனதும் அதுக்கும் ஒண்ணு வேண்டிக்கோன்னாரு.”

அம்மாள் சிரிக்கவில்லை. “வேண்டிக்கப் போறியா?”

“ஏன் மாட்டேன்? என் முதுகு நல்லாச்சின்னா, அவங்க அம்மாவ தூக்கிக்கினு அவரு படியேறுவாருன்னு வேண்டிக்கப் போறேன்.”