கருப்பாத்தாளின் இறப்புத் தேதி

எங்கள் தெருவில் யார் வீட்டில் இன்று என்ன குழம்பு என்று கேட்டால், அடுப்பைப் பார்க்காமலே சொல்வேன் சார். இதை வம்பு என்பவர்கள் உண்டு. நான் அக்கறை என்பேன். பேரூராட்சியில் பிறப்பு இறப்புப் பிரிவில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்தவளுக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி?

என் மகள் நித்யஸ்ரீக்கு மாப்பிள்ளை மனோஜ்குமார். தங்கமான பையன், கொஞ்சம் தூங்குமூஞ்சி. சொந்த வீடு கட்டினால்தான் கல்யாணம் என்று சொல்லியிருந்தேன். துடியலூர் பக்கம் இடம் இருந்தது. அதில் பாதி அவன் அப்பாவின் தங்கை கருப்பாத்தாள் பெயரில். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, எங்கள் ஊரிலேயே, கருமத்தம்பட்டியில் தறி ஓட்டுகிறாள். கையெழுத்து மட்டும் போட மாட்டாளாம். அவனுக்கு அவளும் அத்தை, நானும் அத்தை. எந்த அத்தை அவனுக்கு உதவினாள் என்பதை நீங்களே பாருங்கள்.

கையால் எழுதிய 2014ஆம் வருட இறப்புப் பதிவேட்டில் மே மாதக் கடைசியில் ஒரு வரி காலியாகக் கிடந்தது. பழைய மை வாங்கி, கருப்பாத்தாள், மே 28, மாரடைப்பு என்று எழுதினேன். எழுத்து அழகாகவே வந்தது. சான்றிதழ் கொடுத்தேன். வேறு வாரிசு இல்லாததால் இடம் முழுக்க மனோஜுக்கு வந்தது. வீடு எழும்பியது, பத்திரிகையும் அடித்தாயிற்று.

நேற்று மதியம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது, கருப்பாத்தாள் அந்தச் சான்றிதழ் நகலோடு வந்து நின்றாள்.

"ஏனுங்க அம்மணி, நான் செத்த அன்னிக்குத்தான் மாவெளக்கு எடுத்தனாக்கும்? மாரியாத்தாளுக்குப் பூச்சாட்டி இருக்கறப்ப ஊருக்குள்ள ஒரு சாவு உளுந்தா நோம்பி நின்னுபோயிருக்காதுங்களா? அன்னிக்கு எம்பக்கத்துல நீங்கதான நின்னீங்க. என்ற சேலை சாயம் போயிருச்சுன்னு சொன்னீங்களே."

சொன்னேன்தான். சாயம் போனது ஞாபகம் இருந்தது, நாள் ஞாபகம் இல்லை. மாரியம்மன் திருவிழாவில், ஊரே பார்க்க விளக்கேந்தி நின்றவளை அதே நாளில் சாகடித்திருக்கிறேன். என் வேலையில் இப்படி ஒரு பிழை வந்ததில் எனக்கே வெட்கம்.

"கலெக்டராபீசுக்குப் போறனுங்க. அதுக்கு முந்தி உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கலாம்னு வந்தேன்" என்றாள். போனால் வெள்ளிக்கிழமை முகூர்த்தம் நிற்கும்.

"பதறாதீங்க, உள்ள வாங்க, திருத்திப்போடலாம்" என்று பதிவேட்டு அறைக்குக் கூட்டிப்போனேன். தன் பெயர் இருந்த வரியைக் குனிந்து பார்த்தாள். பதிவேட்டைத் தள்ளி வைத்தேன், கறை படக்கூடாதல்லவா. சான்றிதழில் முத்திரை அழுத்தும் இரும்பு இயந்திரம் பக்கத்திலேயே இருந்தது. நாலு கிலோ தேறும்.

முதல் அடியில் விழவில்லை. அலமாரியைப் பிடித்துக்கொண்டு, "வேண்டாமுங்க அம்மணி" என்றாள். ரத்தம் கண்ணில் இறங்கும்போதும் அந்த 'ங்க'வை விடவில்லை. மரியாதை தெரிந்த குடும்பம். மூன்றாவது அடியில் மண்டை உடைந்தது கைக்குத் தெரிந்தது. இன்னும் இரண்டு போட்டேன், அரைகுறையாக விடுவது என் பழக்கமில்லை.

வெளியே சஹீர் என்பவர் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்காக அரை மணி நேரமாக நின்றிருந்தார். யாரையும் காக்க வைப்பது எனக்குப் பிடிக்காது. கையைக் கழுவிவிட்டு முத்திரை போட்டுக் கொடுத்தேன். இயந்திரத்தைக் கழுவ மறந்துவிட்டேன். முத்திரை சிவப்பாக விழுந்திருப்பதைப் பார்த்துத்தான் அவர் உங்களுக்குப் போன் செய்தாராம்.

பொதுப் பதிவேட்டில் பொய் எழுதினால் ஏழு வருடம் வரை என்கிறீர்கள். எழுதும்போது பொய்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இப்போது கருப்பாத்தாள் இறந்திருக்கிறாள், நீங்களே பார்த்தீர்கள். தேதி ஒன்றுதான் தவறு. திருத்தப் படிவம் என் மேசையில் இருக்கிறது, நேற்றைய தேதி போட்டுக் கொண்டுவாருங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அதற்குப் பிறகு என்மேல் என்ன வழக்கு சார் இருக்கிறது?