இருபது நிமிட வேலை

எல்லோரும் நலமா? இடுப்பு எப்படி இருக்கிறது? நம் தொழிலில் யாரைப் பார்த்தாலும் முதலில் இடுப்பை விசாரிக்க வேண்டும், வீட்டில் உள்ளவர்களை அப்புறம் விசாரித்துக்கொள்ளலாம். என் இடுப்புக்கு ஒரு குறையும் இல்லை. வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் மட்டும் விருந்தாளிகள் மாதிரி சும்மா உட்கார்ந்திருக்கின்றன. அந்தக் கதைக்கு வருகிறேன்.

நம் மெக்கானிக் சங்கச் செயலாளர் போன வாரம் போன் செய்தார். "நாங்க இருபது பேர் கூடி நின்னு கத்தினாலும் நடக்காததை நீங்க ஒரே ஆளா நடத்திட்டீங்க. அந்த வண்டியோட டிசைனையே மாத்த வெச்சுட்டீங்க. ஒரு பாராட்டு விழா வைக்கிறோம், வரமாட்டேன்னு மட்டும் சொல்லாதீங்க" என்றார். வரமாட்டேன் என்றேன். அடக்கத்தில் சொல்வதாக நினைத்துக்கொண்டு இன்னும் இரண்டு வார்த்தை புகழ்ந்துவிட்டு வைத்தார். காரணத்தை ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அதனால்தான் சங்கத்துச் செய்தித்தாளுக்கு இதை எழுதுகிறேன். இதே காகிதத்தின் இன்னொரு பிரதி, விபத்தை விசாரித்த அதிகாரிக்குப் போகிறது.

வண்டிகளைத் திட்டாத மெக்கானிக் உண்டா? ஒரு பல்பு மாற்ற முன் பம்பர் முழுவதையும் கழற்ற வைத்திருப்பான். பல் துலக்கத் தலையைக் கழற்றி மேஜைமேல் வைக்கிற மாதிரி. இன்னொருவன் பேட்டரியைக் கொண்டுபோய்ச் சக்கரத்துக்குப் பின்னால் ஒளித்து வைப்பான். நாமும் வாய் வலிக்கத் திட்டிவிட்டு வேலையை முடிப்போம். அந்தக் கோபம் மாலைவரை நிற்காது. இதை வரைந்தவன் ஏசி அறையில் உட்கார்ந்து வரைந்தவன், வாழ்நாளில் ஸ்பேனர் பிடிக்காதவன், அவனுக்கு என்ன தெரியும் என்று ஒரு சமாதானம் சொல்லிக்கொள்வோம். நாற்பது வருடம் நானும் அப்படித்தான் ஓட்டினேன்.

என் தம்பியை உங்களில் மூத்தவர்களுக்குத் தெரியும். பட்டறையில் எல்லோரும் அவனை எலி என்றுதான் கூப்பிடுவோம். மெலிந்த கை. எந்தச் சந்தில் விட்டாலும் புகுந்து வெளியே வரும். என் கை அப்பாவின் கை, உலக்கை. பதினொரு வருடம் ஒரே வண்டிக்கு அடியில் தோளோடு தோள் உரசப் படுத்திருக்கிறோம். "அக்கா, இதை வரைஞ்சவனைக் கூட்டிட்டு வந்து இங்க படுக்கப் போடணும். ஒரு ஸ்பேனரைக் கையில குடுத்து, கழட்டுடா ராசான்னு சொல்லணும்" என்பான். எஞ்சின் ஆயில் முகத்தில் சொட்டச் சொட்டச் சிரிப்போம்.

எங்கள் பட்டறையில் ஒரு பழக்கம் உண்டு. அவன் கொண்டுவந்ததுதான். முக்கியமான போல்ட்டை முழு அளவுக்கு முறுக்கியதும், மஞ்சள் பெயிண்ட் பேனாவால் போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்து இரும்புவரை ஒரு கோடு இழுப்போம். கோடு நேராக இருந்தால் போல்ட் அசையவில்லை என்று அர்த்தம். ஒருவர் போட்ட கோட்டை மற்றவர் சோதிக்கக் கூடாது. அதை எழுதி ஒட்டவில்லை, பேசி வைக்கவுமில்லை. அவன் கோடு போட்டால் நான் கண்ணை மூடிக்கொண்டு பானட்டைச் சாத்துவேன்.

அப்புறம் ஒரு பெரிய கார் கம்பெனி அவனை வேலைக்குக் கூப்பிட்டது. வரைகிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இந்த இடத்தில் கை போகும், இந்த இடத்தில் போகாது என்று மெக்கானிக்குகளின் சார்பில் சொல்கிற வேலை. அவன் கிளம்பிய அன்று பட்டறைக்கே சிரித்த முகம். "இனிமே நம்ம ஆளு உள்ள இருக்கான்" என்று வருகிற வாடிக்கையாளர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்களுக்கு அதனால் என்ன என்றுகூட யோசிக்கவில்லை.

ஆறு வருடம் கழித்து அந்த வண்டி வந்தது. எந்த வண்டி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் மணிக்கட்டுகளுக்கே தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆயில் மாற்றும்போது ஃபில்டரையும் மாற்ற வேண்டும். அதில் ஃபில்டர் எஞ்சினுக்குப் பின்னால், ஸ்டியரிங் தண்டின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை வெளியே எடுக்க ஸ்டியரிங் தண்டின் அடிமூட்டு போல்ட்டைக் கழற்றித் தண்டையே விலக்க வேண்டும். அந்த போல்ட் கண்ணுக்குத் தெரியாது. குச்சியில் கட்டிய கண்ணாடியை உள்ளே விட்டால் அதன் தலை மட்டும் எட்டிப் பார்க்கும். கை போகிற வழியில், ஓரம் மடக்காமல் கத்தி மாதிரி விட்ட தகர விளிம்பு ஒன்று. வெறும் ஆயில் மாற்றுவதற்கு, ஓட்டுகிறவனின் உயிரைக் கழற்றி மாட்ட வேண்டும்.

கம்பெனிப் புத்தகத்தில் இந்த வேலைக்குப் போட்டிருந்த நேரம் இருபது நிமிடம். எனக்கு இரண்டு மணி நேரம் பத்து நிமிடம் ஆனது. ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். நான்காவது வண்டியில் ஸ்பேனர் வழுக்கி, அந்தத் தகரம் மணிக்கட்டில் இறங்கியது. தையல் போட்ட டாக்டர், நரம்பு போய்விட்டது, இந்த இரண்டு விரலுக்கும் இனி உணர்ச்சி வராது என்றார். இருபது நிமிடம் என்று எழுதியவனுக்கு விரலே கிடையாதோ என்னவோ என்று அவரிடம் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் தம்பிக்குப் போன் செய்தேன். ஆறுதல் தேடித்தான் செய்தேன்.

"ஏன்டா, இருபது நிமிஷம்னு எவன்டா எழுதினது?"

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டிவியை அணைத்தான்.

"நான்தான்க்கா."

"விளையாடாத."

"நெசமாத்தான். அந்த ஃபில்டரை ரெண்டு சென்டிமீட்டர் முன்னாடி தள்ளுங்கன்னு மூணு கூட்டத்துல சொன்னேன். வார்ப்பு அச்சையே மாத்தணும், ஆறு மாசம் தள்ளிப்போகும்னாங்க. செஞ்சு காட்டுங்க, நேரம் எடுக்கலாம்னாங்க. எஞ்சினை ஸ்டாண்டுல தனியா நிக்க வெச்சிருந்தாங்க, சுத்தி வண்டியோட பாடி கிடையாது, தகரம் கிடையாது. என் கை வேற இப்படி. பத்தொன்பது நிமிஷத்துல முடிஞ்சிடுச்சு."

"அப்புறம்?"

"எல்லா மெக்கானிக்குக்கும் முடியுமான்னு ஒருத்தர் கேட்டாரு. எங்க அக்கா இந்த வயசுலயும் செய்வாங்கன்னு சொன்னேன். உன்னைப் பத்திப் பெருமையாத்தான் சொன்னேன்க்கா. அதோட கையெழுத்துப் போட்டுட்டேன்."

சரிடா, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தேன்.

தெரியாமல் செய்தவர்களை நாற்பது வருடம் மன்னித்திருக்கிறேன். இவனுக்குத் தெரியும். அந்தத் தகரம் எப்படி இருக்கும், அதற்குள் போகிற கை யாருடையது, எல்லாம் தெரியும். என்னைக் காட்டியே என் கையை வாங்கிவிட்டான். நான் கத்தவில்லை, அழவில்லை. கத்துவதற்கு அவன் என் எதிரி இல்லையே, தம்பி.

ஐந்து மாதம் கழித்து ஒரு காலையில் அவனும் அவன் மனைவியும் அதே வண்டியில் வந்து இறங்கினார்கள். கம்பெனி கொடுத்த வண்டி. மலைக்கு மேலே இருக்கிற மகள் வீட்டுக்குப் போகிற வழி.

"ஆயில் மாத்தணும்க்கா. உன் கையால மாத்தினாத்தான் எனக்கு நிம்மதி" என்றான்.

என் விரல்களைப் பார்த்தான். பார்த்துவிட்டு, "இப்ப பரவாயில்லையா?" என்றான். பரவாயில்லை என்றேன். அதற்கு மேல் அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்று நானும் பல நாள் யோசித்திருக்கிறேன்.

வண்டியை லிஃப்டில் ஏற்றிவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து மணி ஐந்து நிமிடம். அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"என்னக்கா, நேரம் பாக்கறியா? எனக்குப் பரீட்சையா?"

"உன் புத்தகத்துல என்ன போட்டிருக்கோ அந்த நேரத்துல முடிக்கிறேன்."

"அப்படிப் போடு. உன்னை மாதிரி ஆளு இருக்கறதாலதான் எங்க வண்டி ஓடுது" என்று சிரித்தான். அவன் மனைவி, "அண்ணி, இவர் வீட்டுல இதே பேச்சுதான். எங்க அக்கா கை தங்கக் கைன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறாரு" என்றாள்.

அவன் பேசிக்கொண்டே இருந்தான். நான் பழைய ஆயிலை வடித்தேன். போல்ட்டைக் கழற்றித் தண்டை விலக்கி, ஃபில்டரை எடுத்துப் புதியதை மாட்டி, புது ஆயிலை ஊற்றினேன். எப்படி இவ்வளவு வேகம் என்று நீங்கள் கேட்பீர்கள். தகரத்துக்குப் பயந்து ஒதுங்கிப் போனால்தான் நேரமாகும். உணர்ச்சி இல்லாத பக்கத்தை அதன்மேல் சாய்த்துக்கொண்டு போனால் கை சீக்கிரம் போகிறது. ரத்தம் வந்தது, வலிக்கவில்லை. தண்டைப் பழையபடி சேர்த்து, போல்ட்டை விரலால் பிடித்து இரண்டு சுற்றுச் சுற்றினேன். கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து இருபத்தைந்து.

ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

இதில் நான் எதையும் வெட்டவில்லை, எதையும் உடைக்கவில்லை. அவன் கையெழுத்துப் போட்ட நேரத்தில் எவ்வளவு வேலை முடியுமோ அவ்வளவு செய்தேன். போல்ட்டை முறுக்க இன்னும் ஒரு மணி நேரமாவது வேண்டும். அந்த நேரம் அவன் புத்தகத்தில் இல்லை.

"பாத்தியா, பாத்தியா! இருபதே நிமிஷம்!" என்று எழுந்தே விட்டான். மனைவியை இழுத்துக்கொண்டுபோய்க் கடிகாரத்துக்குக் கீழே நிற்க வைத்துப் போட்டோ எடுத்தான். ஆபீஸ் நண்பருக்குப் போன் போட்டு, "எங்க அக்கா, ரெண்டு விரல் வேலை செய்யாம, இருபது நிமிஷம். இனி எவனாவது பேசட்டும்" என்று வாசல் பக்கம் நடந்தான்.

நான் எதிர்பார்த்தது வேறு. நாற்பது வருடம் ஸ்பேனர் பிடித்தவளால் இரண்டு விரல் இல்லாமல் இருபது நிமிடத்தில் முடியாது என்று வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவனுக்குத் தெரிய வேண்டும். இல்லையே, எங்கேயோ இடிக்கிறதே என்று அவன் திரும்பி வருவான் என்று இருந்தேன். வந்தான். வந்து பானட்டுக்குள் எட்டிப் பார்த்தான். கண்ணாடிக் குச்சியை எடுத்து நானே நீட்டினேன்.

"அடிமூட்டைப் பாத்துக்கோடா."

"கோடு போட்டியா?"

"போட்டேன்."

"அப்புறம் எதுக்குக் கண்ணாடி? உன் கோட்டை நான் செக் பண்ணினா என் கண்ணு அவிஞ்சு போயிடும்" என்று பானட்டைச் சாத்தினான்.

வண்டி கிளம்பியது. தெருமுனையில் ஒரு தண்ணீர் லாரி ரிவர்ஸ் எடுத்துத் திரும்பிக்கொண்டிருந்ததால் ஒரு நிமிடம் நின்றது. பட்டறை வாசலிலிருந்து முப்பது அடிகூட இருக்காது. அவன் மனைவி ஜன்னல் வழியே கையாட்டினாள். நான் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றேன். லாரி ஒதுங்கியது. இரண்டு ஹாரன் அடித்துவிட்டுப் போனான்.

மலைப் பாதையில் ஏழாவது வளைவில் ஸ்டியரிங் அவன் கையில் சும்மா சுற்றியிருக்கிறது. அவன் அங்கேயே போய்விட்டான். அவளுக்கு இடுப்பெலும்பு நொறுங்கியது. இப்போது அவள் என்னோடுதான் இருக்கிறாள். நான்தான் குளிப்பாட்டி, தலை வாரிவிடுகிறேன். "கடைசியா உங்க கையைப் பத்திப் பேசிட்டுதான் வந்தாரு அண்ணி" என்பாள். சீப்பில் சிக்கிய முடியை எடுத்துவிட்டு மறுபடி வாருவேன்.

விசாரணை அதிகாரி பள்ளத்தில் கிடந்த போல்ட்டைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தார். அதன் தலையில் பாதி மஞ்சள் கோடு இருந்தது. மீதிப் பாதி மூட்டின்மேல் இருந்தது. சங்கத்துக்காரர்கள் பத்துப் பேர் போய், அந்தக் கோடு இருந்தால் அது முழுதாக முறுக்கிய போல்ட்தான், இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட அக்காவின் கோடு பொய்யாகவில்லை என்று சாட்சி சொன்னார்கள். அந்தப் பத்துப் பேரும் உங்களில்தான் இருக்கிறீர்கள். சரியாக முறுக்கிய போல்ட்டே கழன்றது என்றால் டிசைன்தான் தப்பு என்று முடிவானது. கம்பெனி எல்லா வண்டிகளையும் திரும்பக் கூப்பிட்டது. இப்போது வருகிற வண்டிகளில் ஃபில்டர் இரண்டு சென்டிமீட்டர் முன்னால் இருக்கிறது. கை சுலபமாகப் போகிறது. போன வாரம்கூட ஒன்று செய்தேன், பதினெட்டு நிமிடம்.

அவன் மூன்று கூட்டத்தில் கேட்டுக் கிடைக்காதது அது. அவனும் வீணாகப் போகவில்லை என்று சில சமயம் நினைத்துக்கொள்கிறேன்.

அதிகாரி என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். வேலை முடிக்க எவ்வளவு நேரம் ஆனது என்றார். இருபது நிமிடம் என்றேன், போட்டோவும் இருந்தது. அது சரியில்லை. இருபத்தொன்று. தம்பி வாசல் பக்கம் முதுகைக் காட்டிப் போன் பேசிக்கொண்டிருந்தபோது, பெயிண்ட் பேனாவின் மூடியைத் திறந்து, கண்ணாடியை உள்ளே விட்டு, முறுக்காத போல்ட்டின்மேல் நேராக ஒரு கோடு இழுத்தேன். மற்ற இருபதும் அவன் எழுதிய நிமிடங்கள். அவனைக் கொன்ற நிமிடம் என்னுடையது.

நீங்களும் அந்த வண்டியில் கை விட்டவர்கள்தானே. யார் யாருக்கு உண்மையில் எத்தனை நிமிடம் ஆனது என்று எனக்கு எழுதுங்கள். பதில் போட இனி எனக்கு நிறைய நேரம் இருக்கும். புத்தகத்தில் இருக்கிற நேரத்தை எழுதாதீர்கள். யாரும் பார்க்காத நிமிடங்களையும் சேர்த்து எழுதுங்கள். என்னைப்போல் வேறு யாராவது இருக்கிறீர்களா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.