கையை விட்டால் விழும் கால்

எங்கே போவதென்று முடிவு செய்யாமல் திருச்சி சத்திரம் பஸ் நிலையத்தில் நான் ஏறிய ஸ்ரீரங்கம் பஸ் அது. முன் சீட்டில் ஓர் அப்பாவும் மகளும். அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கால் விழுந்திருந்தது. பிசியோதெரபி முடிந்து வீடு திரும்புகிறார்கள்.

"கையால தூக்கினா என் கால் காது வரைக்கும் வருதுப்பா. கையை விட்டா விழுந்துடுது," என்றாள் மகள்.

"என் கால் இடுப்பு வரைக்கும்கூட வரலை. நீ பரவாயில்லை."

"சிரிக்காதீங்கப்பா. பாலே டான்ஸ் ஆட உடம்பு வளைஞ்சா மட்டும் போதாதாம். மேல போன கால் தானா நிக்கணும். தொடையிலயும் வயித்துலயும் பலம் வேணும்னு ஆன்லைன் டீச்சர் சொல்றாங்க."

"எனக்கும் அதையேதான் சொல்றாங்க. நீட்டித் தூக்கு, பிடி, மெதுவா இறக்கு. ரெண்டு பேரும் ஒரே பாய்லதானே படுத்துச் செய்யறோம்!"

"அடுத்த வாரம் பெங்களூர்ல பாலே ஸ்கூல் செலக்‌ஷன். கால் நிக்கலைன்னா அவ்வளவுதான். அடுத்த தடவைக்குள்ள வயசு தாண்டிடும்."

"நின்னுடும்மா."

"நின்னா அங்கேயே ஹாஸ்டல்ல இருக்கணும். வீட்டுல உங்க காலைத் தூக்கி விட வேற யாரு இருக்கா?"

"நீ போ. நானே தூக்கிக்கறேன்."

பஸ் மாம்பழச் சாலையைத் தாண்டியது.

அம்மா மண்டபம் ஸ்டாப்பில் இறங்கும்போது அவருக்குப் படியில் கால் வரவில்லை. மகள் கீழே நின்று இரண்டு கைகளாலும் அந்தக் காலைத் தூக்கிப் படியில் வைத்தாள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"கையை எடுக்கட்டுமாப்பா?"

"இரும்மா. இன்னும் கொஞ்சம் பிடிச்சுக்கோ."